51 படிகள் ஏறி ஓர் ஓய்வு நாள்: வெள்ளவத்தையில் ஒரு மாடி வீடு

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். தெருவாசலிலிருந்து எங்கள் அறை வரை 51 படிகள். லிஃப்ட் கிடையாது. மூன்று நாள் பந்தயத்தில் அரைபட்ட காலோடும் தோளில் மாட்டிய சைக்கிளோடும் ஏறியவள் எண்ணியது, அதனால் கணக்கில் பிழை இருக்காது. கடைசிப் பதினேழு படிகள் குறுகலாக, செங்குத்தாக இருக்கும். திருப்பத்தில் ஹேண்டில்பாரைச் சாய்த்துப் பிடிக்காவிட்டால் சுவரில் மாட்டியிருக்கும் பிள்ளையார் படத்தில் இடிக்கும். என் தம்பி இடித்தான். நல்ல வேளை, படம் விழவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், அடுத்த முறை கொழும்பில் ஓய்வு நாள் என்றால் அந்த வீட்டுக்குத்தான் போவேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரி. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை, வயது 41. விடிகாலையில் அழகர்கோவில் ரோட்டில் சைக்கிள் மிதிக்கும் சின்னக் கூட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. அதிலிருந்து நான்கு பேர் மார்ச் மாதம் இலங்கைக்குப் போனோம். நான், என் தம்பி, நாங்கள் பேங்க் சார் என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற காசாளர், மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். அமெச்சூர்களுக்கான பல நாள் பந்தயம். முதல் மூன்று நாள் தெற்குக் கரையோரமாகவே வந்து கொழும்பில் முடியும். நான்காம் நாள் ஓய்வு. அப்புறம் மலை. முதலில் கடுகண்ணாவ ஏற்றம் வழியாகக் கண்டி, மறுநாள் றம்பொடை வழியாக 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியா. அதாவது மூன்று நாள் சமதளத்தில் காலைத் தீர்த்துக்கொண்டு, ஒரே ஒரு நாளில் அதைச் சரிசெய்து, மலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஓய்வு நாள் என்றதும் நாள் முழுவதும் தூங்குவது என்று பள்ளியில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். டூர் டி பிரான்ஸில் 21 கட்டங்களுக்கு நடுவே இரண்டு ஓய்வு நாட்கள் வரும். அன்று அந்த வீரர்களுக்குத் துணி துவைக்க, சமைக்க, கால் பிடித்துவிட, சைக்கிளைத் துடைக்க ஆட்கள் இருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நான்கு ஆட்களும் நாமேதான். மூன்று நாள் வியர்வை ஊறிய உடைகள், கடற்காற்றில் உப்புப் படிந்த சங்கிலி, காலியான தசைகள், வெளிநாட்டு ஊர், மொழி தெரியாத கடை. ஓய்வெடுப்பதற்கே நேரம் இருக்காது. ஆகவே தங்கும் இடத்தில் நான் பார்ப்பது நீச்சல் குளத்தையோ மெத்தையின் கனத்தையோ இல்லை. சைக்கிள் கழுவக் குழாய் எங்கே, துணி காயக் கொடி எங்கே, கேட்ட நேரத்தில் சோறு கிடைக்குமா, இவ்வளவுதான்.

ஏற்பாட்டாளர்கள் ஒரு ஹோட்டல் பட்டியல் கொடுத்தார்கள். அதில் இரண்டு இடங்களுக்குப் போன் செய்தேன். ஒரு இடத்தில் சைக்கிளை அறைக்குள் விடமாட்டோம், கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் பூட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்னொரு இடத்தில் காலை உணவு ஏழரைக்குத்தான். எங்களுக்கோ மறுநாள் நாலரைக்கு வண்டி வரும். அப்போதுதான் பேங்க் சாரின் சம்பந்தி வழியில் இந்த வெள்ளவத்தை வீடு கிடைத்தது.

வீட்டின் பெயரையும் ஒழுங்கையின் (நம் ஊர் சந்து) பெயரையும் போடவில்லை. "போனில கீனில போட்டுவிடாதேங்கோ பிள்ளை, என்னட்ட மூண்டு அறைதான் இருக்கு" என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார். கொழும்பு 6 என்ற அந்தப் பகுதியில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே இப்படி ஒழுங்கை ஒழுங்கையாக வீடுகள். மேல் மாடியை நாள்வாடகைக்கு விடுகிறவர்களும் பலர். போய் விசாரித்தால் இதே மாதிரி வேறு ஒன்று உங்களுக்குக் கிடைக்கலாம். அப்போது எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மாடியில் அவர் தனியாக இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோரும் அவரை அன்ரி (நம் ஊர் ஆன்ட்டி) என்கிறார்கள், நாங்களும் அப்படியே. அந்த 51 படிகளின் பாதியில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "ஆறுதலா வாங்கோ பிள்ளை, ஆறுதலா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் ஆறுதல் என்பது துக்க வீட்டில் சொல்வது. மகளிர் பிரிவில் ஒன்பது பேரில் நான் ஏழாவதாக வந்ததை யாரோ அவரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். மெதுவாக, பதறாமல் என்பதுதான் அங்கே அதற்கு அர்த்தம் என்று ராத்திரிதான் புரிந்தது. அதற்குள் அந்தச் சொல்லை இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

வந்ததும் துணி. இதில் அந்த வீட்டுக்கு முழு மதிப்பெண். மொட்டை மாடியில் குழாய், துவைக்கும் கல், பத்துப் பன்னிரண்டு அடி நீளத்தில் ஆறு கொடிகள். சைக்கிள்காரர்களின் அரைக்கால் உடுப்பில் உள்ளே ஒரு பஞ்சுத் தடுப்பு இருக்கும். அது ஈரமாகவே இருந்தால் மறுநாள் தொடை இடுக்கில் கொப்புளம் வரும், கொப்புளம் சீழ் வைத்தால் பந்தயம் அதோடு முடிந்தது. அதனால் உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் காட்ட வேண்டும். மருந்துக்கடை நண்பர் இதைப் பற்றி அரை மணி நேரம் உரையாற்றக்கூடியவர். நான்கு பேருடைய மூன்று நாள் உடுப்பையும் உள்வெளியாகத் திருப்பித் தொங்கவிட்டபோது எதிர்வீட்டு மாடியில் ஒரு பாட்டி நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று நினைத்தாரோ.

ஒரு எச்சரிக்கை. இரவில் கொடியில் விட்டுவிடாதீர்கள். கடற்காற்றில் ஈரம் அதிகம். சாயங்காலம் மொறுமொறுப்பாக இருந்த துணி காலையில் தொட்டால் பிசுபிசுக்கும். சைக்கிளுக்கும் அதே கதைதான். கடற்கரையோரம் முந்நூறு கிலோமீட்டர் வந்த சங்கிலியில் செம்புள்ளிகள் தெரிய ஆரம்பித்திருந்தன. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். தரையில் எண்ணெய் சொட்டாமல் இருக்க அன்ரி வீரகேசரி என்ற அந்த ஊர்த் தமிழ்ப் பத்திரிகையின் பழைய தாள்களைக் கொண்டுவந்து விரித்தார். நான் சைக்கிளைத் துடைப்பதை விட்டுவிட்டு அந்தத் தாள்களில் மரண அறிவித்தல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் ஊர், உறவு, யார் எந்த நாட்டில் என்று குடும்பமே விரியும்.

அறைகள் சுமார்தான். இரண்டு எடுத்தோம், ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 7,500 இலங்கை ரூபா. நம் காசில் இரண்டாயிரத்துச் சொச்சம். மெத்தை கெட்டி, கொசுவலை உண்டு, மின்விசிறி வேகமாக ஓடும். வெந்நீர் ஒரு குளியலறையில் மட்டும், அதுவும் மனசு வைத்தால் வரும். அந்த ஊர் வெக்கையில் அதை யார் தேடப் போகிறார்கள். ஒரு அறையில் நம் ஊர் வட்டக் கால் பிளக் போகும் பழைய துளை, மற்றதில் சதுரக் கால் மூன்று கேட்கும் புதிய துளை. மாற்றுப் பிளக் ஒன்றுதான் இருந்தது. நான்கு பேரின் போன், தூரமானி, விளக்கு எல்லாம் அதற்கு வரிசையில் நின்றன.

ரயிலைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே போகும் தண்டவாளம் அங்கே கடலை ஒட்டியே ஓடுகிறது. கடல், தண்டவாளம், மரைன் டிரைவ், அப்புறம் வீடுகள். படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. விடியுமுன்னே முதல் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது ஜன்னல் கண்ணாடி சேர்ந்து பாடும். பின்பக்க அறையில் சத்தம் குறைவு, ஆனால் காற்று வராது. நான் முன்பக்கம் எடுத்தேன், பஞ்சு வைத்துக்கொண்டேன். பேங்க் சார் மட்டும் எதுவும் கேட்கவில்லை என்றார். அவர் குறட்டையில் அவருக்கு என்ன கேட்கும்.

ஓய்வு நாள் காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் மெதுவாக மிதிக்கப் போனோம். ஓய்வு நாளில் எதற்கு சைக்கிள் என்று அன்ரியும் கேட்டார். மூன்று நாள் ஓடிய காலை ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாள் அது மரக்கட்டை. சின்ன கியரில், பேசிக்கொண்டே போகும் வேகத்தில் சுற்றினால் ரத்த ஓட்டம் நிற்காது, கால் மறக்காது. வியர்க்கத் தொடங்கினால் வேகம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். கொழும்பில் அது உதவாது. வாசலில் நின்றாலே வியர்க்கும்.

எங்கள் அதிர்ஷ்டம், அன்று போயா. பௌர்ணமிதோறும் அங்கே அரசு விடுமுறை. மார்ச்சில் வருவதை மெதின் போயா என்கிறார்கள். பகலெல்லாம் பஸ்ஸும் ஓட்டோவும் நெரியும் காலி வீதி காலியாகக் கிடந்தது (சிலேடைக்கு மன்னிக்கவும், ஆசிரியை புத்தி). மரைன் டிரைவில் வடக்கே போய், கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்கு ஏறி, காலிமுகத்திடலில் கொஞ்சம் நின்றோம். அங்கிருந்து பேரை வாவியைச் சுற்றி கங்காராமை விகாரைப் பக்கம் வந்தால் தெருவெல்லாம் வெள்ளை உடை. குழந்தை முதல் கிழவி வரை வெள்ளை, கையில் பூத்தட்டு. பளபளக்கும் மஞ்சள் ஜெர்சியில் நான்கு பேர் அதற்கு நடுவே போவது எனக்கே கூச்சமாக இருந்தது, இறங்கி உருட்டிக்கொண்டு கடந்தோம். சுதந்திரச் சதுக்கம் வழியாக பம்பலப்பிட்டிக்குத் திரும்பி வீட்டுக்கு வந்தபோது பதினாறு கிலோமீட்டர் ஆகியிருந்தது. ஓய்வு நாள் எந்தப் போயாவிலாவது விழுமா என்று பார்த்துப் பந்தயத்துக்குப் பணம் கட்டுங்கள் என்று சொல்லத் தோன்றியது, அடுத்த ஒரு மணி நேரம் வரை.

ஏனென்றால் திரும்பும் வழியில் என் சைக்கிள் பின்னால் கிளிக் கிளிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. முந்தின நாள் சைக்கிள்களை ஏற்றிவந்த லாரியில் எதுவோ அதன்மேல் சாய்ந்திருக்க வேண்டும். பின்பக்க கியரை மாற்றும் டீரெய்லர் தொங்கிக்கொண்டிருக்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு உள்பக்கமாக வளைந்திருந்தது. சமதளத்தில் இது தொந்தரவு மட்டும்தான். மலையில் ஏறும்போது மிகப் பெரிய பல்சக்கரத்துக்குச் சங்கிலியைத் தள்ளினால் டீரெய்லர் கம்பிகளுக்குள் மாட்டும், சக்கரம் போகும், சில நேரம் நாமும் போவோம். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு மாதிரி ஹேங்கர் என்பதால் உபரி ஒன்றைக் கையோடு கொண்டுபோ என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் உபரி மதுரையில் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது.

போயா என்றால் சைக்கிள் கடையும் பூட்டு. தம்பி போனில் தேடித் தேடி நான்கு கடைகளுக்கு அடித்தான், யாரும் எடுக்கவில்லை. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்ரி காரணம் கேட்டார், சொன்னேன். அவருக்கு டீரெய்லர் என்னவென்று புரிந்திருக்காது. ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருந்தது. "தெகிவளையில ஒரு நானா இருக்கிறார், என்ர மகன்ர சைக்கிளை எல்லாம் அவர்தான் செய்தவர். இருங்கோ" என்று உள்ளே போனார்.

நம் ஊரில் பாய் என்போம், அங்கே நானா. பதினொன்றரைக்கு ஓட்டோவில் வந்து இறங்கினார், அறுபது வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை, தோளில் லுமாலா என்ற அந்த ஊர் கம்பெனியின் பழைய மலைச்சைக்கிளின் பின்சக்கரம் ஒன்று. ரமழான் மாதம், நோன்பு. பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அந்த 51 படிகளையும் சக்கரத்தோடு ஏறி வந்தார். நாங்கள் கீழே கொண்டுவந்திருக்கலாம் என்று அப்புறம்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

சக்கரம் எதற்கு என்று தம்பி என்னைப் பார்த்தான். நானா என் டீரெய்லரைக் கழற்றினார். அது மாட்டியிருந்த துளையில், கொண்டுவந்த சக்கரத்தின் அச்சுத் திருகை அப்படியே திருகி ஏற்றினார். இப்போது என் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சக்கரம் இணையாக நிற்கிறது. ஹேங்கர் நேராக இருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் மேலே, கீழே, முன்னே, பின்னே எங்கே அளந்தாலும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே நாலு விரல் இருந்தது, கீழே மூன்று கூட இல்லை. சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து மூச்சை அடக்கி ஒரு அழுத்து அழுத்தினார். அளந்தார். இன்னும் கொஞ்சம். நெம்புகோல் தத்துவத்தைப் பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் வரைகிறவள் நான், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இதே வேலைக்கு விலை உயர்ந்த கருவி ஒன்று விற்கிறது. அதுவும் செய்வது இதைத்தான். "அலுமினியம் கன தரம் வளைஞ்சா முறிஞ்சிடும். ஒரு தரம்தான் செய்யலாம். ஊருக்குப் போய் மாத்திடுங்க" என்றார். ஆயிரம் ரூபா கேட்டார். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை. தேநீர் கொடுக்க முடியாத சங்கடத்தில் அன்ரி, நோன்பு திறக்க என்று வடையும் வாழைப்பழமும் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினார்.

இது அந்த வீட்டின் சேவையில் சேராது என்று சிலர் சொல்லலாம். என் கணக்கில் சேரும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். என் எடை 56 கிலோ. காலியான தசையை ஒரே நாளில் நிரப்ப, கிலோவுக்கு எட்டு கிராமாவது மாவுச்சத்து வேண்டும் என்று வைத்தால் கிட்டத்தட்ட 450 கிராம். அதைச் சோறாகக் கணக்கிட்டால் பயமாக இருக்கும். மூன்று வேளையில் முடிகிற காரியம் இல்லை, நாள் பூராவும் மென்றுகொண்டே இருக்க வேண்டும். ஹோட்டலில் இதைச் செய்தால் பணமும் போகும், மானமும் போகும். அன்ரியிடம் முந்தின ராத்திரியே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "அப்ப குதிரைக்குத் தீன் போடுற மாதிரி எண்டு சொல்லுங்கோ" என்றார்.

காலையில் சிவப்பு மா இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். நம் ஊர் இடியாப்பத்தைப் போல் கனமான வட்டம் கிடையாது. உள்ளங்கை அளவில் மெல்லிய தட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரும். சொதி என்பது மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப் பாலில் செய்யும் இளங்குழம்பு, காரம் குறைவு, பந்தயக்காரன் வயிற்றுக்கென்றே யாரோ கண்டுபிடித்தது போல இருக்கும். நான் பதினான்கு சாப்பிட்டேன். தம்பி எத்தனை என்று கேட்காதீர்கள். பத்தரைக்கு ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டு பாண் (நம் ஊர் பிரெட்) விற்கும் ஓட்டோ ஒழுங்கைக்குள் வந்தது. அதில் கிம்புலா பனிஸ் என்று முதலை வடிவத்தில், மேலே சீனி தூவிய ஒரு ரொட்டி. பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போக இதைவிடப் பொருத்தமான தின்பண்டத்தை நான் பார்த்ததில்லை. மறுநாள் கடுகண்ணாவ ஏற்றத்துக்கு என்று ஆறு வாங்கினோம். ராத்திரி எண்ணியபோது இரண்டு இருந்தது.

மத்தியானம் மரக்கறிச் சாப்பாடு. போயாவில் இறைச்சிக்கடை திறக்காது, அன்ரியும் பௌர்ணமியில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, தொடமாட்டார். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயத்தங்காய், வல்லாரைச் சம்பல், பொரித்த மோர் மிளகாய். ருசியில் குறை சொல்ல வாயே வராது. ஓய்வு நாளுக்கு என்று பார்த்தால் ஒரு குறை. காரம். கத்தரிக்காய் நன்றாகவே எரித்தது. முன்கூட்டிச் சொல்லாதது என் தப்பு, மதுரைக்காரிக்கு என்ன காரம் என்ற திமிர். தயிர் ஊற்றிக்கொண்டு சமாளித்தேன். புரதத்துக்கு முட்டை வேண்டும் என்று மருந்துக்கடை நண்பர் முனகினார், அன்று அந்த அடுப்பில் முட்டை ஏறாது. ராத்திரி அவர் வெளியே போய்ச் சாப்பிட்டுக்கொண்டார்.

செவ்விளநீர் வாங்கி வைத்திருந்தார். குடித்தால் குடல் வரை குளிரும். ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம். அதனால் நான் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தேன். அன்ரி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாயசத்தில் மிளகாய்த்தூள் போட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மசாஜ் ஏற்பாடு மொத்தமும் வீண். வீட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், நாங்களே போனில் பிடித்தது. முன்பணம் வாங்கிக்கொண்டார், மூன்று மணி என்றார், நாலு என்றார், அப்புறம் போன் அணைந்துவிட்டது. வெளிநாட்டில் முன்பணம் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். அன்ரி தன் தைலத்தைக் கொடுத்தார். நன்றாக உறைக்கிற தைலம். தம்பி தொடையில் தேய்த்துவிட்டுக் கை கழுவாமல் உடை மாற்றினான். அடுத்த இருபது நிமிடம் அவன் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை.

மத்தியானம் இரண்டு மணி நேரம், சுவரில் காலைத் தூக்கி வைத்தபடி தூங்கினேன். எழுந்து வந்தபோது அன்ரி என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். எட்டுக் கிலோ என்றேன். பின்னால் போய்க் குனிந்தார்.

"என்ன பிள்ளை, இதுக்குக் கரியர் இல்லையோ?"

பந்தய சைக்கிளில் கேரியர் வைப்பதில்லை என்றேன்.

"அப்ப ஒருத்தரையும் ஏத்தேலாதே."

அப்புறம் அவர் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அங்கே சைக்கிள் ஓட்டுவது என்று சொல்லமாட்டார்கள், ஓடுவது என்பார்கள். "நாங்களும் ஓடினனாங்கள்தான்." தொண்ணூறுகளில் போர் நடந்தபோது யாழ்ப்பாணத்துக்குள் பெட்ரோல் வர விடாததால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாணம், செத்த வீடு எல்லாம் சைக்கிளில்தான். 1995 அக்டோபர் கடைசியில் சனம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் கிளம்பியபோது, அவர் அம்மாவைக் கரியரில் இருத்தி, முன்னால் பாரில் அரிசிப் பையைத் தொங்கவிட்டு நாவற்குழிப் பாலம் கடந்திருக்கிறார். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன், பந்தயக்காரியின் புத்தி. "ஓட எங்க இடம், சனம். உருட்டினதுதான். விடியப்பறம்தான் பாலத்துக்கு அங்கால போனது" என்றார். அந்தப் பேச்சு அவ்வளவுதான். "தேத்தண்ணி போடட்டோ?" என்று எழுந்து போய்விட்டார். நான் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன், ஏற்கெனவே விட்டிருந்தேன்.

சாயங்காலம் மற்ற மூவரும் காலிமுகத்திடலுக்கு இறால் வடை சாப்பிடப் போனார்கள். மலைக் கட்டத்துக்கு முந்தின நாள் தெருவோர இறால் வேண்டாம் என்று தடை போட்டேன், யாரும் கேட்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. பேங்க் சார் மறுநாள் எங்கள் நால்வரிலும் முதலில் கண்டிக்குள் நுழைந்தார், அதனால் என் சொல்லுக்கு இப்போது மதிப்பே இல்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது படிகளுக்கும் ரயிலுக்கும் சேர்த்து. முட்டி வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். ஐந்து பேருக்கு மேல் போனால் குளியலறை போதாது. அட்டை செல்லாது, காசுதான், ரசீதும் அப்பியாசக் கொப்பித் (நம் ஊர் நோட்டு) தாளில் கையால் எழுதித்தான் வரும். வேலை செய்யும் கம்பெனியில் செலவு எழுதி வாங்குகிறவர்களுக்கு உதவாது. சாப்பாட்டுக்கு அன்ரி கேட்ட தொகை ரொம்பக் குறைவு. இரண்டு தடவை தர்க்கம் செய்து கூட்டிக் கொடுத்தோம், சவர்க்காரத்தூளுக்கு மட்டும் 150 ரூபாவைச் சரியாகக் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் நாலு மணிக்கு எழுந்தால் அடுக்களையில் விளக்கு எரிந்தது. வாழையிலையில் சுற்றிய நான்கு பொட்டலம், இடியப்பமும் சீனி போட்ட தேங்காய்ப்பூவும், காரம் போடவில்லை என்றார். கீழே வண்டி வந்துவிட்டது, டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். "ஆறுதலா இறங்குங்கோ" என்று மேலேயிருந்து குரல். சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு இருட்டில் படியைத் தடவித் தடவி இறங்கினோம். திருப்பத்தில் ஹேண்டில்பாரைச் சாய்க்கப் போனேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பிள்ளையாரை ராத்திரியே கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்திருந்தார்.